நம்ம ஊர்ப் பிள்ளை இவ்வளவுதான் இருக்குமா?

போன மாதம், என்னிடம் முன்பு வேலை பழகிய இளம் மருத்துவர் ஒருவர் கைபேசியில் கூப்பிட்டார். பிறந்த குழந்தையின் எடையையும், அது வயிற்றில் இருந்த வாரங்களையும் தட்டினால், சரியாக வளர்ந்த குழந்தையா இல்லையா என்று சொல்லும் செயலி ஒன்று வந்திருக்கிறதாம். அதில் வெளிநாட்டு அளவு, உள்ளூர் அளவு என்று இரண்டு.

"உள்ளூர் அளவு போட்டா எங்க வார்டுல அநேகமா எல்லாப் பிள்ளையும் நார்மல்னு வருது மேடம். நிம்மதியா இருக்கு" என்றார்.

"யாரை அளந்து அந்த உள்ளூர் அளவைப் போட்டாங்க?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. எனக்கு வந்த எரிச்சலில் போனை வைத்துவிட்டேன். பிறகு அவரே மறுபடி அழைத்து, "என்ன தப்புன்னு எழுதிக் குடுங்க மேடம், எல்லாரும் படிக்கிறோம்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் குழந்தை மருத்துவர். மதுரையில் படித்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தூங்காமல் படித்தோம், தூங்கிக்கொண்டே வார்டில் நின்றோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலியில் ஒரு பெரிய மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் பிரிவில் சேர்ந்தேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அங்கே நடந்தது எங்கேயும் நடந்திருக்கும்.

அந்தப் பிரிவின் சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. வெளிநாட்டில் தயாரித்தது. கீழே கர்ப்ப வாரங்கள், பக்கவாட்டில் எடை. நடுவே வளைந்து ஏறும் சில கோடுகள். குழந்தையின் புள்ளி அடிக்கோட்டுக்குக் கீழே விழுந்தால், வயிற்றில் வளர்ச்சி குறைந்த பிள்ளை என்று பொருள். அப்படி விழுந்த பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துக் கண்ணாடி அறைக்குக் கொண்டுபோவது அங்கே வழக்கம். குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்போம். புட்டிப்பால் ஊற்றுவோம். பார்த்துக்கொண்டே இருப்போம்.

எங்கள் ஆற்றங்கரைப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் விழுந்தார்கள். கொழுகொழுவென்று, கைகால் உதைத்து, வாயைத் திறந்து பால் தேடும் பிள்ளையையும் பிரித்து வைத்தோம். அந்தக் கண்ணாடிக்கு வெளியே பால் கட்டிய மார்போடு, ரவிக்கை நனைந்து நின்ற பெண்களை இன்னும் மறக்க முடியவில்லை. "எம்பிள்ளைக்கு என்ன செய்யுது?" என்று ஒருத்தி கேட்டால், "நீ ஒழுங்காத் தின்னிருந்தா இது வந்திருக்குமா?" என்று யாராவது எரிந்துவிழுவார்கள். எங்கோ, யாரோ பெற்ற பிள்ளைகளின் அளவை வைத்து எங்கள் பெண்களைக் குற்றவாளியாக்குகிறோமே என்று எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் எங்கள் துறைத் தலைவர்.

அவரை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம். ஸ்ரீவைகுண்டத்துக்காரர், வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குவார். அதன் பிறகுதான் குழந்தையின் நெஞ்சில் வைப்பார். பிரசவித்த பெண் யாராக இருந்தாலும் "தாயி" என்றுதான் கூப்பிடுவார். குழந்தையின் இதயத்தில் இருக்கும் ஓட்டையை, கருவி எதுவும் இல்லாமல் காதாலேயே கண்டுபிடித்துச் சொல்வார். இவ்வளவு நல்ல மருத்துவர் என்பதால்தான் பின்னால் நடந்தது எனக்கு ஆறவில்லை.

"நம்ம பிள்ளைய நம்ம முழத்தாலதான் அளக்கணும்மா" என்றார். "நாமளே ஒரு வரைபடம் போடுவோம். தாமிரபரணித் தண்ணி குடிச்சவ பெத்த பிள்ளைக்கு."

எனக்குப் புல்லரித்தது. வேலையை ஆரம்பித்தோம்.

எடை போடுவது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். பிறந்த கொஞ்ச நேரத்திற்குள், பிள்ளைக்கு எதுவும் புகட்டுமுன், துணி இல்லாமல் போட வேண்டும். அதற்கு அறையில் மின்விசிறியை நிறுத்தி, தட்டில் விரிக்கும் துணியை முன்பே சூடாக்கி, அந்தத் துணியோடு சேர்த்துத் தராசின் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் படிக்கல்லை வைத்துத் தராசு பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். தையல்கடை நாடா இழுத்தால் நீளும். அதனால் தலைச் சுற்றளவு எடுக்க நீளாத நாடா வாங்கினோம். கால் மடக்கிக் கிடக்கும் பிள்ளையின் முழங்காலைப் பைய அழுத்தி நீட்டி நீளம் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு பிள்ளையும் அதை விரும்பாது.

எடையைவிடக் கஷ்டம், வாரம். கடைசியாகத் தீட்டான தேதியைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் வேறு கணக்கு அவர்களிடம் இருக்கும். "ஆனித் தேரோட்டத்துக்கு வந்தோம்லா, அதுக்கு முந்தின வெள்ளிக்கிழம" என்பாள் ஒருத்தி. "பிசான நடவு முடிஞ்சு கூலி வாங்குன அன்னிக்கு" என்பாள் இன்னொருத்தி. பஞ்சாங்கத்தையும் அணை திறந்த நாளையும் பார்த்து அதைத் தேதியாக்குவோம். பிறகு குழந்தையிடமே கேட்போம்: உள்ளங்காலில் ரேகை எவ்வளவு தூரம் ஓடுகிறது, காது மடல் மடித்தால் நிமிர்கிறதா, மார்புக் காம்பின் கீழே பட்டாணி போலக் கட்டி தட்டுப்படுகிறதா. தாய் சொன்னதும் பிள்ளை சொன்னதும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பிள்ளையைக் கணக்கில் சேர்க்க மாட்டோம்.

யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதில்தான் சாருக்கும் எனக்கும் முதல் சண்டை. இரட்டைப் பிள்ளை, ரத்தக் கொதிப்பு உள்ள தாய் இவர்களை விடலாம் என்பதில் இருவரும் ஒன்று. ரத்தசோகை உள்ள பெண்களையும், அரைவயிற்றுக் கஞ்சியோடு வயலில் நின்ற பெண்களையும் விட வேண்டும் என்று நான் சொன்னேன். நன்றாக வளர்ந்தால் பிள்ளை எவ்வளவு இருக்கும் என்பதல்லவா தெரிய வேண்டும்?

சார் சிரித்தார். "ரத்தசோகை இல்லாத கர்ப்பிணிய இங்க எங்கனம்மா தேடுவீங்க? அவங்களை விட்டா அளக்க ஆளே இருக்காது."

"அளக்க ஆள் இல்லன்னா, அதுதானே சார் முதல்ல எழுத வேண்டிய விஷயம்?"

"நான் பொறந்தப்ப ஒரு முறத்துல பாதி கூட இல்லைன்னு எங்க அம்மா சொல்லுவா. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? நம்ம ஊர்ப் பிள்ள இவ்வளவுதான் இருக்கும். அதைக் கொறைன்னு சொன்னவன் வெள்ளக்காரன்."

அவர் தலைவர். எல்லோரையும் சேர்த்தே அளந்தோம். ஒவ்வொரு தாயின் ரத்த அளவையும், செய்த வேலையையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதில் மட்டும் நான் விடவில்லை. "உங்க ஆசை" என்று விட்டுவிட்டார்.

வரைபடம் தயாரானது. எங்கள் அடிக்கோடு வெளிநாட்டுக் கோட்டைவிட வெகு கீழே இருந்தது. அச்சுக்குப் போகுமுன்பே சார் பழையதைக் கழற்றிவிட்டு எங்களுடையதை மாட்டினார். கண்ணாடி அறை பாதி காலியானது. பிள்ளைகள் தாயின் பக்கத்திலேயே கிடந்தார்கள். அந்த நாட்களில் வார்டுக்குள் போனால் மனசு நிறைந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

இசக்கியம்மாள் வந்தது அந்தச் சமயத்தில்தான். சீவலப்பேரிப் பெண், வயது இருபதுகூட இருக்காது, வயல் வேலை. முதல் பிரசவம். வலி வரும் வாரம் வரை நாற்று நட்டிருக்கிறாள். நிறைமாதத்தில் பெண் பிள்ளை பிறந்தது. எடை இரண்டு கிலோவை ஒட்டி. பழைய வரைபடமாக இருந்தால் அடிக்கோட்டுக்கு எவ்வளவோ கீழே. எங்கள் வரைபடத்தில் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே. பணியில் இருந்த மருத்துவர் 'இயல்பு' என்று எழுதித் தாயோடு வார்டுக்கு அனுப்பிவிட்டார். சர்க்கரை பார்க்கவில்லை. இயல்பான பிள்ளைக்கு அது தேவையில்லை என்பது எங்கள் விதி.

மறுநாள் காலை நான் வார்டைச் சுற்றி வந்தேன். இசக்கியம்மாள் சிரித்தாள். "நல்ல பிள்ள டாக்டரம்மா. அழவே மாட்டேங்கா. உறங்கிக்கிட்டே கெடக்கா."

"பால் குடிக்காளா?"

"ரெண்டு சப்பு சப்புதா, விட்டுருதா. எனக்கும் இன்னும் பால் சரியா ஊறல."

துணியை விலக்கிப் பார்த்தேன். தலை முழுதாக வளர்ந்திருந்தது. அதற்குக் கீழே உடம்பு இல்லை. தொடையில் தோல் மடிந்து தொங்கியது. பெரிய சட்டையை மாட்டியதுபோல. கிள்ளினால் விரலுக்குள் தோல் மட்டும்தான் வந்தது. கொழுப்பு என்று ஒன்று இல்லை. வயிற்றுக்குள் பசித்த பிள்ளை, தலையைக் காப்பாற்றுவதற்காக உடம்பைத் தின்றுவிட்டுப் பிறந்திருக்கிறது. இது வரைபடம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் உதடு துடித்தது. ஒரு கை விரைத்து, வெட்டி வெட்டி இழுத்தது.

அள்ளிக்கொண்டு ஓடினேன். சர்க்கரை பார்க்கும் காகிதப் பட்டையில் ரத்தச் சொட்டை வைத்தேன், நிறம் மாறவே இல்லை. சர்க்கரை அடிமட்டம். தொப்புள் ரத்தக்குழாய் வழியே குளுகோஸ் ஏற்றினோம். வலிப்பு நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. பின்னாலேயே இசக்கியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "சரியாத்தான் இருக்கான்னு சொன்னாவளே, யம்மா. சரியாத்தான் இருக்கான்னு சொன்னாவளே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் புருஷன் சுடலைமுத்து வாசலில் நின்று அழுதான்.

பிள்ளை பிழைத்தது. நான் நேராக சாரின் அறைக்குப் போனேன்.

"ஒரு பிள்ளைய வச்சு வரைபடத்தை எடை போடாதீங்க" என்றார், அதே மெல்லிய குரலில். "எந்தக் கோடு போட்டாலும் ஒண்ணு ரெண்டு நழுவும்."

"இது நழுவல சார். நம்ம கோடுதான் தள்ளிவிட்டுச்சு. பசிச்ச அம்மாக்களோட பிள்ளைங்களையே அளந்து, அதுதான் சரியான அளவுன்னு எழுதிட்டோம். பசிச்ச பிள்ள அதுக்குள்ள எப்படி சார் தெரியும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெலிஞ்சு கெடக்குற பிள்ளைக்கு எடை எதுவானாலும் சர்க்கரை பாருங்க. அதை உத்தரவா போட்டுருதேன். வரைபடம் இருக்கட்டும்."

அதைச் செய்தார், அதற்கு நன்றி. வரைபடம் இருந்தது.

அரையாண்டு கழித்து இசக்கியம்மாள் பிள்ளையைத் தூக்கி வந்தாள். கிலுக்கை ஆட்டினால் குழந்தை அந்தப் பக்கம் திரும்பினாள். அதையே ஓசை இல்லாமல் முகத்துக்கு நேரே காட்டினேன். திரும்பவில்லை. சிவப்புப் பந்தைக் காட்டினேன். டார்ச் அடித்தேன். கண் மருத்துவர் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். குறை கண்ணில் இல்லை. மூளையில் பார்வைக்கென்று இருக்கும் இடம், சர்க்கரை கிடைக்காமல் அந்த முதல் நாளிலேயே கருகிவிட்டது. அதை இசக்கியம்மாளுக்கு எந்த வார்த்தையில் சொன்னேன் என்று நினைவில்லை. "பொறவு தெரியும்லா டாக்டரம்மா? வளர வளரத் தெரியும்லா?" என்று அவள் கேட்டது மட்டும் நினைவில் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் தனியாக வேலை செய்தேன். ரத்த அளவு நன்றாக இருந்த, மூன்று வேளை சாப்பிட்ட, கடும் உடலுழைப்பு இல்லாத தாய்மாரின் பிள்ளைகளை மட்டும் பிரித்தெடுத்தேன். சார் சொன்னது உண்மைதான்; வெகு சிலரே தேறினார்கள். பாளையங்கோட்டையில் என்னோடு படித்த தோழி ஒருத்தி பிரசவ மருத்துவமனை நடத்தினாள். காலையில் அங்கே போய் அளந்தேன். டீச்சர்கள், கடைக்காரர் வீட்டுப் பெண்கள், வங்கி ஊழியர்கள். அவர்களில் பலருடைய அம்மாக்கள் இசக்கியம்மாளைப்போல வயலில் நின்றவர்கள்தான். அதே ஊர், அதே ரத்தம், அதே ஆற்றுத் தண்ணீர்.

புள்ளிகளை வைத்துக் கோடு இழுத்தேன். கோடு மேலே ஏறியது. வெளிநாட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம்தான் எங்கள் இயல்பு. அதற்குக் கீழே இருந்த பெரிய இடைவெளி முழுவதும் பட்டினி. அதைத்தான் நாங்கள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தோம்.

சாரிடம் கொண்டுபோய் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். தப்புக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள். தப்பு இல்லை என்று தெரிந்தும் தேடினார்.

"இதை வெளிய விட்டா நம்ம ஜில்லாவுல பாதிப் பிள்ளைங்க வளர்ச்சி கொறஞ்சதுன்னு ஆயிரும். மேலேருந்து கேள்வி வரும்."

"வரட்டும் சார். வரணும்."

"நம்ம ஜனங்களை நாமளே கேவலப்படுத்தணுமா?"

"கேவலம் அவங்களுக்கு இல்ல சார்."

அடுத்து வந்த மருத்துவர் மாநாட்டில், நாங்கள் முதலில் போட்ட வரைபடத்தையே சார் வைத்தார். என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்துவிட்டார். கைதட்டல் பலமாக இருந்ததாக வந்தவர்கள் சொன்னார்கள். கொஞ்ச நாளில் ஒரு கூட்டம். வந்திருந்த அதிகாரி ஒருவர், புதிய அளவின்படி ஆற்றங்கரை கிராமங்களில் வளர்ச்சிக் குறைவு பெரிய பிரச்சினை இல்லை என்று தெரிகிறது, கர்ப்பிணிகளுக்கான சத்துணவை வேறு பகுதிக்குத் திருப்பலாமே என்றார். நான் எழுந்து, "அந்த அளவு தப்பு. பசியை அளந்து அதுக்கு ஆரோக்கியம்னு பேர் வச்சிருக்கோம். சாப்பாட்டை நிறுத்துனீங்கன்னா அடுத்த வருஷம் கோடு இன்னும் கீழ போகும், அப்பவும் எல்லாப் பிள்ளையும் இயல்புன்னே வரும்" என்றேன். அதிகாரி சாரைப் பார்த்தார். சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசலாம் என்று முடித்துவிட்டார்கள். சத்துணவு நிற்கவில்லை; அந்த மட்டும் சரி. சார் ஓய்வு பெறும்வரை அந்த வரைபடம் சுவரில் இருந்தது. அவர் போன பிறகுதான் என்னால் அதை இறக்க முடிந்தது.

அவர் பணியில் இருக்கும்போதே நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

இசக்கியம்மாள் மறுபடி உண்டானாள். மாதம் தள்ளியதுமே என்னிடம் வந்துவிட்டாள். சுடலைமுத்தையும் உட்காரவைத்து, "இந்தத் தடவ நடவுக்கு அனுப்பாதே. மூணு வேளையும் வயிறு நிறையத் திங்கணும்" என்றேன்.

அவன் தயங்கினான். "பிள்ள பெருத்துட்டா அறுத்துத்தான் எடுப்பாவன்னு ஊர்ல சொல்லுதாவளே, டாக்டரம்மா. போன தடவ அதனாலதான் அவளக் கொறச்சுத் திங்கச் சொன்னோம்."

"பிள்ள மெலிஞ்சா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா?"

"திங்கட்டும் டாக்டரம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். வாழைத்தோட்ட வேலையோடு இன்னொரு வேலையும் சேர்த்துப் பார்த்தான். புன்னக்காயலிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவரும் பெண்ணிடம் சாளை வாங்கிப் போட்டான். முருங்கைக்கீரையும் முட்டையும் போட்டான். "ஏட்டி, இப்படித் தின்னா பிள்ள வயித்த கிழிச்சுட்டுத்தான் வரும்" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைப் பயமுறுத்தினார்கள். அவள் தின்றாள். நான் கொடுத்த இரும்பு மாத்திரையையும் ஒரு நாள் விடாமல் விழுங்கினாள்.

சுகப் பிரசவம். ஆண் பிள்ளை. கிட்டத்தட்ட மூன்று கிலோ. வார்டைச் சுற்றி வந்த சார் சீட்டைப் பார்த்தார், தாயின் ஊரைப் பார்த்தார், நம்பவில்லை. பிள்ளையைத் தூக்கிப்போய்த் தராசைச் சரிபார்த்துத் தானே எடை போட்டார். அதே எடை. திரும்பி வந்து பிள்ளையைக் கிடத்தினார்.

"என்ன தாயி செஞ்சே இந்தத் தடவ?"

"ஒண்ணுஞ்செய்யல ஐயா. சோறு தின்னேன்."

கட்டிலின் ஓரத்தில் மூத்தவள் உட்கார்ந்திருந்தாள். தம்பியின் முகத்தை விரலால் தடவி, மூக்கு எங்கே, வாய் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். சார் அவளை அப்போதுதான் கவனித்தார். "இது யாரு?" என்றார்.

"எம்மூத்த பிள்ள ஐயா" என்றாள் இசக்கியம்மாள். "இங்கனதான் பொறந்தா. சின்னதா இருந்தாலும் சரியாத்தான் இருக்கான்னு சொன்னீயளே, அவதான்."

அதை அவள் குத்திக் காட்டச் சொல்லவில்லை. அடையாளம் தெரியவேண்டும் என்பதற்காகச் சொன்னாள். சார் அடுத்த கட்டிலுக்குப் போனார். கூட வந்த எல்லா மருத்துவர்களும் அவர் பின்னால் போனார்கள். நான் போகவில்லை.